ஒற்றை விரலில் திரும்பும் லாரி

என் அக்கா வீட்டுக்காரரை எங்கள் லாரி கம்பெனியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'இடுக்கி' என்பார்கள். அவரிடம் ஒருமுறை கை கொடுத்தவன் மறுமுறை தூரத்தில் நின்று தலையாட்டுவதோடு நிறுத்திக்கொள்வான். இருபத்தாறு வருஷம் ஒரே பழைய லாரியில் டைல்ஸ் ஏற்றிப் போனவர். அந்த லாரியில் பவர் ஸ்டீயரிங் என்ற பேச்சே கிடையாது. முனை திரும்ப வேண்டுமென்றால் சீட்டிலிருந்து பாதி எழுந்து, உடம்பையே ஸ்டீயரிங் மேல் போட வேண்டும்.

நான் அதே கம்பெனியில் டயர் வேலை பார்க்கிறேன். பெண் கொடுத்த வீட்டுக்காரன் என்பதால் அவரைக் கிண்டல் செய்ய எனக்கு உரிமை உண்டு. அதை நான் ஒரு நாளும் வீணாக்கியதில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் அவரிடம் என் வாய் அடைத்துப்போகும். வண்டியை யார்டுக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "மாப்ள, முன்னாடி இடது பக்கம் காத்து கம்மி, பாரு" என்பார். வேண்டுமென்றே சந்தேகப்பட்டு அளந்து பார்ப்பேன். கம்மியாகத்தான் இருக்கும். எரிச்சலாக வரும். அது என் தொழில் இல்லையா?

போன மாதம் அவருக்குப் புது லாரி கொடுத்தார்கள். கரண்டில் ஓடும் பவர் ஸ்டீயரிங். ஒற்றை விரலால் திருப்பலாம். இவர் வழக்கம்போலத் தோளைக் கொடுத்து ஓர் இழுப்பு இழுத்தார். வண்டி நேராக வாட்ச்மேன் கூண்டைப் பார்த்துக் கிளம்பியது. வாட்ச்மேன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"யோவ் இடுக்கி, எனக்கும் உனக்கும் என்னய்யா பகை?"

எல்லோரும் சிரித்தோம். இவர் மட்டும் சிரிக்கவில்லை. தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து ஒரே புலம்பல். "மாப்ள, இந்த வண்டி எங்கிட்ட ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது. ரோடு ஈரமா இருக்கா, சக்கரம் கோட்டு மேல ஏறிச்சா, ஒரு எழவும் தெரியல." மெக்கானிக்கிடம் புகார் செய்தார். மெக்கானிக் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு ஒரு கோளாறும் இல்லை என்றார். இவர் விடவில்லை. கம்ப்யூட்டரிலேயே கோளாறு இருக்கலாம் என்றார். மெக்கானிக் அன்று முழுக்க இவரோடு பேசவில்லை.

புது லாரியில் ஒரு வம்பு உண்டு. ரோட்டுக் கோட்டைத் தாண்டினால் கத்தும், கத்தியதை எழுதியும் வைத்துக்கொள்ளும். இரண்டாவது வாரம் அந்தக் கணக்கைப் பார்த்த சூப்பர்வைசர் இவரைக் கூப்பிட்டார். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. சனிக்கிழமை வரைக்கும் பாக்குறேன். அப்பவும் வண்டி இப்படியே அலைஞ்சுதுன்னா, உங்களை குடோன்ல பெட்டி எண்ணுற வேலைக்குத்தான் மாத்தணும்."

இவருக்கு லாரி சீட்டைத் தவிர உட்காரத் தெரிந்த இடம் கிடையாது. வீட்டிலேயே விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில்தான் உட்காருவார்.

அன்று நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, சாப்பாட்டுத் தட்டை இரு கையாலும் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"தட்டைக் கீழ வைங்க, சோறு எங்கயும் ஓடிப்போயிடாது" என்றாள் அக்கா. பிறகு என்னிடம், "இப்பல்லாம் சட்டைப் பட்டன்கூட நான்தான் போட்டுவிடுறேன்டா. கேட்டா கண்ணாடி மாத்தணும்ங்கிறாரு" என்றாள்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு அப்புறம் கொஞ்சல் கேக்குதோ மாமாவுக்கு?" என்றேன். அக்கா முறைத்தாள். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை காலை அவர் லாரியின் முன் டயர்களை அளந்தேன். இரண்டிலும் காற்று ஏகத்துக்கும் கம்மி. முந்தின நாள் சாயங்காலம் நானே அடித்துவிட்ட காற்று. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"மாமா, யார் பாத்த வேலை இது?"

"நான்தான்." கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் சொன்னார். "காத்தைக் குறைச்சா ஸ்டீயரிங் கனமாகும்ல? பழைய வண்டியில அப்படித்தானே?"

"இதுல கரண்ட் மோட்டார் இருக்கு மாமா. நீங்க எவ்வளவு கனத்தை ஏத்தினாலும் அது வாங்கிக்கும். உங்க கைக்கு வராது. டயர்தான் சூடாகி வெடிக்கும்! டயர்க்காரனோட மச்சான்னு சொல்லிக்க வெக்கமா இல்ல?"

அவர் கூட்டத்தில் கை விட்டுப்போன குழந்தை மாதிரி முழித்தார். எனக்குக் கோபம் பாதியில் இறங்கிவிட்டது.

அதே மாடல் லாரியைக் கண்ணாடி லோடுக்கு ஓட்டும் டிரைவரம்மாவிடம் அவரைக் கூட்டிப்போனேன். நல்ல மனுஷி. தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு பக்கத்துத் தெருவை ஒரு சுற்று சுற்றிக் காட்டினாள்.

"அண்ணே, நீங்க கழுத்தைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கிறீங்க. சும்மா விரலை வைங்க. பொடிக்கல் மேல ஏறினாக்கூட விரல்ல லேசா தெரியும் பாருங்க."

அவர் ஓட்டிப் பார்த்தார். விரலை மட்டும் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். தெருவில் ஜல்லி கொட்டியிருந்த இடத்தை அவள் இரண்டு முறை தாண்ட வைத்தாள்.

"இப்ப தெரிஞ்சுதா அண்ணே?"

"இல்லம்மா."

"எனக்கு நல்லாத் தெரியுதே!"

"உனக்குத் தெரியுது. எனக்கு ஏன் தெரியல?" என்று அவளைக் கேட்டார். பிறகு என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? பழக்கதோஷம் என்று சொல்லி வைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் என்னைத் தேடிக்கொண்டு டயர் ஷெட்டுக்கு வந்தார். காலையிலும் வண்டி ஐந்து முறை கத்தியிருக்கிறது. சாயங்காலம் சூப்பர்வைசரைப் பார்க்க வேண்டும். ஷெட்டுக்குப் பின்னால் அவருடைய பழைய லாரி நின்றது, விற்பதற்காக.

"ஒரே ஒரு சுத்து, மாப்ள. தப்பு வண்டி மேலயா எம்மேலயான்னு தெரிஞ்சாகணும்."

சாவியை எடுத்துக் கொடுத்தேன். அவர் ஏறுவதற்கு முன், இருபத்தாறு வருஷமாகச் செய்கிற மாதிரியே, முன் டயரை உள்ளங்கையால் அழுத்தித் தடவிப் பார்த்தார். நானும் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டேன்.

எஞ்சின் உறுமியதும் கேபின் மொத்தமும் ஆடியது. அவர் எழுந்து, தோளைக் கொடுத்து வளைத்தார். யார்டின் குண்டு குழியெல்லாம் ஸ்டீயரிங்கை உதறின. அவர் முகத்தில் இரண்டு வாரமாக இல்லாத வெளிச்சம்.

"பாத்தியா! தெரியுது மாப்ள, எல்லாம் தெரியுது! வண்டி மேலதான் தப்பு. நான் நல்லாத்தான் இருக்கேன்!"

எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. சூப்பர்வைசரிடம் நானே சண்டைக்குப் போகலாம் என்று நினைத்தபடி திரும்பினேன். ஸ்டீயரிங்கில் சிவப்பாக ஏதோ வழிந்திருந்தது. அவர் கை நகர நகர அதுவும் நீண்டது.

"மாமா, நிறுத்துங்க."

நிறுத்தினார். அவரும் பார்த்தார். "யாரோட ரத்தம்டா இது?" என்றார். என் கைகளைத்தான் முதலில் பார்த்தார்.

அவருடைய வலது கையைப் பிடித்துத் திருப்பினேன். தேய்ந்துபோன டயரில் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். தடவியபோது ஏறியிருக்கிறது. உள்ளங்கை நடுவில் ஊசி நீளத்துக்கு ஒடிந்து நின்றது. அந்தக் கையால்தான் ஸ்டீயரிங்கை அழுத்திப் பிடித்து யார்டை முழுதாகச் சுற்றியிருக்கிறார்.

ரொம்ப நேரம் அதையே பார்த்தார். "அப்போ இப்ப எனக்குத் தெரிஞ்சதெல்லாம்?" என்று கேட்டார். அவரே தோளைத் தொட்டுப் பார்த்தார், பிறகு முழங்கையை. அங்கேதான் வண்டி அவரோடு பேசியிருக்கிறது. கை எப்போது செத்துப்போனது என்று அவருக்கே தெரியவில்லை.

எஞ்சினை அணைத்தார். "சூப்பர்வைசர்கிட்ட நானே சொல்றேன். மெக்கானிக்கிட்டயும் சொல்லணும், பாவம்."

"முதல்ல டாக்டரைப் பாக்கலாம் மாமா."

"பாக்கலாம். இதை எடுத்துவிடு."

குறடால் கம்பியின் நுனியைப் பிடித்தேன். அவர் உள்ளங்கையைப் பார்க்கவே இல்லை. கம்பியை நான் இழுக்கும்போது, அது எவ்வளவு வலிக்கும் என்று தெரிந்துகொள்ள என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.