அலமாரிக்குள் ஒரு கணினி

பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் என் அலுவலகம், வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சொன்னது. கட்டட வரைபடம் போடுவது என் தொழில். அதற்காக பாகம் பாகமாக வாங்கி, நானே ஒரு கணினியை உருவாக்கி, கிள்ளான் வீட்டுக் கூடத்தில் வைத்தேன். கண்ணாடிப் பெட்டி, உள்ளே நிறம் மாறும் விளக்குகள். எனக்கு ஒரே பெருமை. மனைவி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு, இதில் பாட்டும் வருமா என்று வருகிறவர்களெல்லாம் கேட்கிறார்கள் என்றாள்.

கண்ணில் படாமல் மறைத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பழைய சாமான் கடையில் இடுப்பளவு உயரத்தில் ஒரு தேக்கு அலமாரி கிடைத்தது. தட்டுகளைக் கழற்றிவிட்டு, கணினியின் உறுப்புகளை ஒவ்வொன்றாக உள்ளே பொருத்த மூன்று வாரம் ஆனது. கதவைச் சாத்தினால் வெறும் அலமாரிதான். பக்கத்து வீட்டு அக்கா அதன்மேல் பையை வைத்துவிட்டு ஒரு மணி நேரம் பேசினார். அவருக்கு எதுவும் தெரியவில்லை. அவரிடம் சொல்லிப் பெருமையடிக்க முடியாததுதான் என் வருத்தம்.

மறுநாள் வேலை பாதியில் இருக்கும்போதே கணினி சூடேறி அணைந்துவிட்டது.

"அதுக்கும் மூச்சு விடணும் லா," என்றாள் மனைவி.

எஞ்சினியரிங் படித்தவன் நான். அவள் சொன்ன பிறகுதான் நான் உட்காரும் பக்கத்துப் பலகையை அறுத்து இரண்டு மின்காற்றாடிகள் வைத்தேன்.

அதன்பின் எல்லாம் ஒழுங்காக ஓடியது. மழைக்காலம் தொடங்கி, ஒரு வாரமாக வெயிலே இல்லை. ஒரு திங்கட்கிழமை, இணையத்தில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. நான் பேச வாயைத் திறந்ததும் தும்மல் வந்தது. ஒன்றல்ல, ஒன்பது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது. உடம்புக்கு முடியாவிட்டால் டாக்டரிடம் போய் எம்.சி. விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள் என்று மேலாளர் அம்மா பரிவோடு சொல்லிவிட்டு அடுத்தவரைப் பேசச் சொன்னார்.

அலமாரியைத் திறந்தேன். கணினிக்கு மேலே ஒரு தாம்பாளம் நிறைய மோர்மிளகாய், நன்றாகக் காய்ந்து சுருங்கிக் கிடந்தது. காற்றாடிகள் அதன் காரத்தை அள்ளி நேராக என் முகத்தில் வீசிக்கொண்டிருந்தன.

மனைவியைக் கூப்பிட்டேன். அவள் வந்து, என் மூக்கைப் பார்க்காமல் ஒரு மிளகாயை எடுத்து ஒடித்துப் பார்த்தாள்.

"சூடு சும்மாதானே போவுதுன்னு வெச்சேங்க. வெளிய போட்டா பூஞ்சை புடிச்சிருக்கும்."

கோபப்பட நினைத்தேன். ஆனால் அன்று மதியம் தயிர்சோற்றுக்கு அதைப் பொரித்து வைத்தாள். நான்கு தின்றேன். கோபத்துக்கு வழியில்லாமல் போயிற்று.

கேரி தீவில் இருக்கும் அவள் தங்கைக்கும் சேதி எட்டியது. தனக்கும் ஒன்று செய்து தரச் சொல்லி போன் செய்தாள். கணினி விலை கூடுதலாகும் என்று நான் விளக்கத் தொடங்கினேன்.

"கம்ப்யூட்டர்லாம் வேணாம் மாமா," என்றாள். "மொளகா காய அலமாரியும் அந்தக் காத்தாடியும் போதும்."

சூட்டுக்கு உள்ளே ஒரு குண்டு பல்பை மாட்டிச் செய்து கொடுத்தேன். இதுவரை நான் செய்தவற்றில் ஒரு பழுதும் இல்லாமல் ஓடுவது அது ஒன்றுதான்.