ஹீட்டர் போட்டு ஓட்டிய வெயில்காலம்

பக்கவாதம் வந்தவர்களுக்கும் மூட்டு மாற்றிக்கொண்டவர்களுக்கும் வீடு வீடாகப் போய் உடற்பயிற்சி கொடுப்பது அவள் வேலை. பஸ்ஸில் அலைந்து அலைந்து அவளுக்கே இடுப்பு விட்டுப்போனது. அந்த நேரம் பார்த்துக் கணவனின் அண்ணன் புதுக் கார் வாங்கினார். அவருடைய பழைய சின்னக் காரை இவள் வாங்கிக்கொண்டாள்.

"கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம்மா. இஞ்சின் கல்லு மாதிரி இருக்கு" என்று சாவியைக் கொடுத்தார் மூத்தவர்.

இரண்டாவது மாதமே தொல்லை ஆரம்பித்தது. சிக்னலில் கொஞ்சம் கூடுதலாக நின்றால் போதும், சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிடும். கணவன் எங்கோ கேட்டுவந்து ஒரு வழி சொன்னான்: ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டால் இஞ்சின் சூடு காருக்குள்ளே இறங்கிவிடுமாம். முள் இறங்கியது உண்மைதான். ஆனால் கொளுத்தும் வெயிலில் ஹீட்டர் போட்டு ஓட்டுகிறவள் என்ன ஆவாள்? டிரைவர் பக்கக் கண்ணாடி வேறு பாதிக்கு மேல் இறங்காது. அவளிடம் சிகிச்சை எடுத்துக்கொண்ட ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருநாள் கதவைத் திறந்ததும் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்னம்மா, வெளியே மழையா?" என்று கேட்டார்.

மெக்கானிக்கை எல்லோரும் 'ஆச்சு' என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் கேட்டாலும் அவன் சொல்லும் பதில் அது. முதலில் தெர்மோஸ்டாட்டை மாற்றினான். அப்புறம் ஃபேன். அதற்கப்புறம் வாட்டர் பம்ப். ஒவ்வொரு தடவையும், "ஆச்சுக்கா, இனிமே தொந்தரவே இருக்காது" என்பான். சில நாள் ஓடும். பிறகு பழைய குருடி கதைதான். நடுரோட்டில் பானெட்டைத் தூக்கிவைத்து, ஆவி அடங்கும்வரை பின்னால் ஹாரன் அடிக்கிறவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

வீட்டிலாவது ஆறுதல் உண்டா? "அண்ணன் கையில ஒழுங்காத்தானே இருந்துச்சு. நீ ரொம்ப விரட்டுறியோ என்னவோ" என்றான் கணவன்.

"அப்படியா? நாளைக்கு நீங்க ஹீட்டரைப் போட்டுக்கிட்டு ஆபீஸ் போங்க" என்றாள்.

நான்காவது தடவை அவள் பட்டறையை விட்டு நகரவே இல்லை. அவள் பிடித்த பிடிவாதத்தில்தான் ஆச்சு ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்தான். உள்ளே சேறு மாதிரி பழுப்பாக அப்பியிருந்தது.

"அக்கா, லீக்கை அடைக்க யாரோ மருந்து ஊத்தியிருக்காங்க. அது ரேடியேட்டரையே அடைச்சிருச்சு. சூடேறிச் சூடேறி இஞ்சினுக்குள்ள இருக்கற ஹெட் கேஸ்கட்டும் போயிடுச்சு."

"இதை முதல்லயே கழட்டிப் பாத்திருந்தா என்ன கேடு?"

ஆச்சு கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

அங்கிருந்து நேராக மூத்தவர் வீட்டுக்குப் போனாள். அவர் வாசலில் புதுக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், ரேடியேட்டர்ல மருந்து ஊத்தினது நீங்களா?"

"ஆமாம்மா, லேசா ஒழுகிச்சு. ஊத்தினதும் நின்னுருச்சே."

"எப்போ ஊத்தினீங்க?"

அவர் கண்ணாடியை இன்னும் பளபளப்பாகத் துடைத்தார். "உன்கிட்ட குடுக்கறதுக்கு முந்தின வாரம்."

பேச்சுக் கேட்டு அவர் மனைவி வெளியே வந்தாள். புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போய்ப் புதுக் காரின் சாவியைக் கொண்டுவந்து இவள் கையில் வைத்தாள். "வண்டி சரியாகுற வரைக்கும் இதை எடுத்துக்கிட்டுப் போ. பட்டறை வாசல்ல இவர் நிக்கட்டும்."

சாயங்காலம் கணவன் எகிறினான். "பெரியவர்கிட்ட போய் இப்படியா பேசுவாங்க?"

"பெரியவர் எங்கிட்ட சொல்லாம விட்டாரே, அதைக் கேட்டீங்களா?" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

மூத்தவர் அலைந்து திரிந்து கேஸ்கட் மாற்றி, புது ரேடியேட்டர் போட்டு, முகம் பார்க்காமல் வண்டியைக் கொண்டுவந்து விட்டார். முள் நடுவில் அசையாமல் நின்றது. நிம்மதியாக ஒரு மாதம் ஓட்டினாள்.

அப்புறம் ஒரு காலை, முதல் நோயாளியின் வீட்டுக்கு இரண்டு தெரு முன்னால், கிளட்ச் பெடல் போன இடத்திலிருந்து திரும்பி வரவில்லை. ஸ்டியரிங்கை ஒரு குத்து குத்தினாள், கைதான் வலித்தது. கணவனையும் கூப்பிடவில்லை, ஆச்சுவையும் கூப்பிடவில்லை. வண்டியை ஓரமாகத் தள்ளிப் பூட்டினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாய்க்குள் திட்டியபடியே விறுவிறுவென்று நடந்தாள்.