மொக்கைச்சாமி தோட்டத்தின் முதலிடம்

சூர்யகலாவுக்குத் திண்டுக்கல்லில் ஒரு பூட்டுக் கடையின் மாடியில் வாடகை அறை. அங்கே உட்கார்ந்து நிரல் எழுதுவதுதான் அவள் பிழைப்பு. நிலக்கோட்டைப் பக்கம் அப்பா மொக்கைச்சாமி இருந்த மல்லிகைச் சங்கத்துக்கும் அவள்தான் ஜாங்கோ என்ற நிரல் கருவியில் இணையதளம் செய்து கொடுத்தாள். எந்தத் தோட்டம் மொத்தம் எத்தனை கிலோ பறித்தது, எத்தனை தடவை பூச்சிமருந்து அடித்தது என்று அது அருகருகே காட்டும். முதலிடம் மொக்கைச்சாமிக்கு.

அந்தப் பட்டியலைப் பார்த்தவர்களுக்கு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. மருந்து கூடக்கூடப் பூவும் கூடியது. மகள் போட்ட கணக்காயிற்றே என்று மொக்கைச்சாமி இன்னும் அடித்தார். மூக்கில் ஒரு துண்டுகூடக் கட்டவில்லை.

இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. கை நடுக்கம் நிற்கவில்லை. மருந்துக் காற்றுதான் காரணம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"மொட்டெல்லாம் கருகிப் போச்சு தாயி. கொஞ்ச நாளாவே பூ கம்மிதான்."

"கம்மியா? இன்னைக்கும் நீங்கதானப்பா மொத ஆளு."

"எனக்கும் அதான் வெளங்கல. எம்மக போட்ட கணக்கு தப்பாப் போகுமா, நம்ம கண்ணுதான் மங்கிப் போச்சுன்னு இருந்துட்டேன்."

அவள் கட்டிலோரமே மடிக்கணினியைத் திறந்தாள். தோட்டத்தோடு பறிப்பையும் மருந்தையும் சேர்த்து, இரண்டு மொத்தத்தையும் தரவுத்தளத்திடம் ஒரே வினவலில் கேட்டிருந்தாள். அப்படிக் கேட்டால் ஒவ்வொரு நாள் பறிப்பும் ஒவ்வொரு மருந்தடிப்போடும் ஒரு தடவை சோடி சேரும். நாலு கிலோ பறித்தவன் மூன்று தடவை அடித்திருந்தால் கணக்கில் பன்னிரண்டு கிலோ. பட்டியலில் மருந்துதான் பூத்திருந்தது.

அவசரத்தில், ஒரே எண் திரும்ப வந்தால் ஒரு தடவைதான் கூட்டச் சொல்லும் 'டிஸ்டிங்க்ட்' என்று ஒரு சொல்லைச் சேர்த்துப் பார்த்தாள். இரண்டு நாளும் நாலு நாலு கிலோ பறித்த தோட்டத்துக்கு ஒரு நாலு காணாமல் போனது. அதை அழித்துவிட்டு, பறிப்பைத் தனியாகவும் மருந்தைத் தனியாகவும் கூட்டி, பிறகு தோட்டத்தோடு சேர்த்தாள். பட்டியல் தலைகீழானது. அப்பா கடைசிக்குப் பக்கத்தில் கிடந்தார்.

"அப்பா, தப்பு என்னோடது. மருந்து அடிச்ச தடவைக்கெல்லாம் பூவைத் திரும்பத் திரும்பக் கூட்டியிருக்கு. நீங்க அடிச்சதுல பூ கூடவே இல்ல."

அவர் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"அப்ப மொத ஆளு யாரு?"

"பொன்னுச்சாமி சித்தப்பா."

"அவனா? ஒரு தடவைக்கு மேல அடிக்க மாட்டானே." அவருக்குச் சிரிப்பு வந்தது. அது இருமலாகிக் கண்ணில் நீர் முட்டியது. திடீரென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "ஏத்தா, அவனை நாந்தான் சங்கத்துல வச்சு ஏசினேன். மருந்தடிக்கத் துப்பில்லாத பயலுக்கு மல்லிகைத் தோட்டம் ஒரு கேடான்னேன். ரோசம் வந்து இன்னைக்குக் காலைல என் மருந்தடிக்கிற மிஷினைத்தான் தூக்கிட்டுப் போயிருக்கான். கூப்பிடு, சீக்கிரம்."

அவள் வராந்தாவுக்கு ஓடி மூன்றாவது முறை அழைத்தபோதுதான் பொன்னுச்சாமி எடுத்தார். மிஷின் இரைச்சல் காதைக் கிழித்தது.

"சித்தப்பா, நிறுத்துங்க! மருந்தடிக்காதீங்க!"

"என்ன பாப்பா? ஒண்ணும் கேக்கல! உங்கப்பன் எப்படி இருக்கான்? அடுத்த மாசம் நாந்தான் மொத ஆளுன்னு சொல்லு அவன்ட்ட!"

"நீங்கதான் இப்பவே மொத ஆளு சித்தப்பா!"

அவர் இருமினார். அப்பாவின் இருமல் தொடங்கியபோதும் அப்படித்தான் இருந்தது. போனை அவர் துண்டிக்கவில்லை. சட்டைப் பைக்குள் போய்விட்டது போலிருந்தது. அவள் வராந்தாவில் நின்று கத்திக்கொண்டேயிருந்தாள். மிஷின் ஓடிக்கொண்டேயிருந்தது.