அசையாமல் படுத்த ஐந்து வாரம்

எனக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்று தெரிந்தபோது மாமல்லபுரத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகள். வகுப்பில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காராதவள் நான். அப்படிப்பட்டவளைக் கதிர்வீச்சு சிகிச்சைக்காக ஐந்து வாரம், சனி ஞாயிறு தவிர, தினமும் ஒரு மேஜைமேல் அசையாமல் படுக்கச் சொன்னார்கள்.

கதிர் எங்கே விழ வேண்டும் என்பதற்கு அடையாளமாக அடிவயிற்றிலும் இடுப்பின் இரு பக்கமும் ஊதா மையில் கோடு போட்டிருந்தார்கள். செங்கல்பட்டு மருத்துவமனைக்குப் போகும் பேருந்தில் வியர்க்க வியர்க்க, கோடு அழிந்துவிட்டதோ என்று மனம் அடித்துக்கொள்ளும். இன்னொன்றும் உண்டு. சிகிச்சைக்கு ஒரு மணி நேரம் முன்பு சிறுநீர் கழித்துவிட்டு, ஒரு பாட்டில் தண்ணீர் குடித்து அடக்கிவைக்க வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் குடலை மேலே தள்ளிவிடும். குடலில் கதிர் குறைவாகப் படும்.

மூன்றாம் வாரம் ஒருநாள் திருக்கழுக்குன்றம் தாண்டியதும் பேருந்து பஞ்சராகி நின்றுவிட்டது. வீட்டிலேயே தண்ணீரைக் குடித்திருந்தேன். தாங்க முடியவில்லை. கூட வந்த நாத்தனார் துண்டை விரித்து மறைக்க, புதருக்குப் பின்னால் போய்வந்தேன்.

மருத்துவமனைக்குள் நுழைந்ததுமே கூப்பிட்டுவிட்டார்கள்.

"அடக்கினு கீறீங்களாக்கா?" என்று கேட்டாள் கதிர் கொடுக்கும் பெண்.

"ஆமாம்மா."

சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது. அவள் என் இடுப்பை ஒரு விரற்கடை நகர்த்தி, விளக்கின் ஒளிக்கோட்டை மைக்கோட்டோடு பொருத்தினாள். "ஆடாதீங்கக்கா" என்று வெளியே போனாள். கனத்த கதவு மூடத் தொடங்கியது. என் வயிறு தட்டையாகக் கிடந்தது. கையைத் தூக்கிவிட்டேன்.

ஓடி வந்தாள். "இன்னாக்கா ஆச்சு?"

"பொய் சொல்லிட்டேம்மா. வழியிலயே போயிட்டேன்."

என் தோளைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்தாள். "நல்லவேள சொன்னீங்க. குடலு எங்க கீதுன்னு மெஷினுக்கா தெரியும்? எறங்குங்க, தண்ணி குடிங்க."

அந்த ஒரு மணி நேரம் வராந்தாவில் நடந்தபடியே இருந்தேன். எனக்குப் பின்னால் வந்த மூன்று பேர் உள்ளே போய்த் திரும்பினார்கள்.

"உக்காருங்க அண்ணி. சுத்திகினே இருந்தா சீக்கிரம் ரொம்பிடுமா?" என்றாள் நாத்தனார்.

மறுபடி படுத்தபோது சிறுநீர் முட்டிக்கொண்டு வந்தது. கால் விரல்களை இறுக்கிக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடந்தேன்.

மறுநாளிலிருந்து மருத்துவமனைக்குப் போன பிறகுதான் பாட்டிலைத் திறந்தேன். நான்காம் வாரம் வயிற்றுப்போக்கு வந்தது. மோர்சாதமும் மாத்திரையுமாகத் தேறினேன். கர்ப்பப்பைக்குள்ளேயே கருவி வைத்துக் கொடுக்கும் கதிரும் அதன்பின் முடிந்தது. அடுத்த கல்வியாண்டில் வகுப்புக்குத் திரும்பினேன். பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பெண்ணைத் தேடிப்போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வருவேன்.