ஜீப்பில் ஓர் இடம்

கூடலூரில் ஜீப்பின் பின்பக்கம் ஏறக் காலைத் தூக்கி, முடியாமல் இறக்கி, மறுபடியும் தூக்கிய அக்காவைத்தான் முதலில் நினைக்கிறேன். எங்கள் ஆய்வுக் குழுவின் தலைவி அவர், முழங்கால் வலிக்காரர். பள்ளி முடித்த பிள்ளைகள் மேலே படிக்காமல் எந்த வேலைக்குப் போகிறார்கள், ஏன் போகிறார்கள் என்று கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க விசாரித்துக்கொண்டிருந்தோம். வறுமை, தூரம், கல்யாணம் என்று காரணங்களை நாங்களே தயாராக வைத்திருந்தோம். படித்தவர்களுக்குக் கேள்வியை முந்திக்கொண்டு பதில் வந்துவிடும்.

கூடலூரில் ஒரு வீட்டில் கிடைத்த காரணம் வேறு. கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் ஒவ்வொருத்திக்கும் ஓர் இடம் உண்டு. ஒரு நாள் காலியாக விட்டால் மறுநாள் அதில் வேறொருத்தி இருப்பாள். இடம் போனால் தோட்டத்து வேலையும் போயிற்று. அம்மா வழுக்கி விழுந்து கால் வீங்கிக் கிடந்ததால், மகள் தினமும் வேலைக்குப் போய் அந்த இடத்தைக் காத்துக்கொண்டிருந்தாள். தேனியில் கல்லூரியில் அவள் சேருவதற்கு மறுநாள்தான் கடைசி நாள்.

ஆய்வுக்காரர் கேட்கலாம், எழுதலாம், தலையிடக் கூடாது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அக்காதான். மறுநாள் விடியலில் அவரே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மகளுக்குப் பதிலாக ஜீப்பருகே வந்து நின்றார். "ஆளுக்கு ஆள் வந்தாச்சுல்ல? வண்டிய எடுங்க தம்பி" என்றார் டிரைவரிடம். நான் அந்தப் பெண்ணோடு தேனிக்குப் பஸ் ஏறினேன். அவளைச் சேர்த்துவிட்டுத் திரும்பும் வழியெல்லாம் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஏலம் செடியின் தூரில் காய்ப்பது. நாள் முழுக்கக் குனிந்தே எடுக்க வேண்டும். சாயங்காலம் அக்கா நிமிர முடியாமல் இறங்கினார். "பாதிக்குப் பாதி பிஞ்சப் பறிச்சுப்புட்டேன். கங்காணி நல்லா வஞ்சாக" என்று சிரித்தார். கட்டிலில் கிடந்த அம்மா சிரிக்கவில்லை. மகளைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். கேள்வி கேட்க வருபவர்கள் எல்லோரும் அங்கே டீச்சர்தான்.

"நாளைக்கும் வருவீகளா டீச்சரம்மா?"

அக்கா தலைத்துண்டை அவிழ்த்து மடித்தார். 

இன்று அக்கா ஓய்வு பெற்றுவிட்டார். அவர் இடத்தில் நான் இருக்கிறேன். கூட்டங்களில் பரிந்துரை கேட்கிறார்கள், சொல்கிறேன், தலையாட்டுகிறார்கள். எனக்குத்தான் இருப்புக் கொள்வதில்லை. கல்லூரி திறந்த திங்கட்கிழமை வகுப்பில் அந்தப் பெண்ணின் பெயரைக் கூப்பிட்டார்களாம். அப்போது அவள் ஜீப்பில் அம்மாவின் இடத்தில் குமுளி மலையேறிக்கொண்டிருந்தாள்.