கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

ஜப்பானியப் பண்பாட்டு மையத்துக்குப் பள்ளியிலிருந்து போய்வந்த என் மகள், செருப்பைக்கூடக் கழற்றாமல், கைகளைத் தொடையோடு ஒட்டிவைத்து இடுப்பிலிருந்து குனிந்து காட்டினாள். எனக்கு ஒரகடத்து ஜப்பானியத் தொழிற்சாலை ஞாபகம் வந்துவிட்டது.

ஏழாவது படித்தபோது எங்களையும் வடக்குப்பட்டுப் பள்ளியிலிருந்து வேனில் அங்கே கூட்டிப்போனார்கள். அப்பா அங்கே காண்ட்ராக்ட் தொழிலாளி. புதுப்பாய் வாசனை வீசிய ஓர் அறையில் ஜப்பானிய அம்மாள் ஒருவர் எங்களை மண்டியிட்டு உட்காரவைத்து, கசக்கும் பச்சைத் தேநீர் கொடுத்தார். வணங்கவும் கற்றுக்கொடுத்தார். நாங்கள் குனிந்தபோது அவரும் அதே அளவு குனிந்தார்.

பிறகு கண்ணாடிச் சுவர் வழியாக வேலை நடக்கும் இடத்தைக் காட்டினார்கள். இயந்திரத்தின் பக்கத்தில் அப்பா தலைகுனிந்து நின்றிருந்தார். சூப்பர்வைசர் அவர் முகத்துக்கு நேராக விரலை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார். எங்களுக்குச் சத்தம் கேட்கவில்லை.

"உங்கப்பாவுக்கும் கத்துக் குடுத்துகீறாங்கடி," என்றாள் என் தோழி கலா. அவள் கேலியாகச் சொல்லவில்லை.

அன்று மாலை அப்பா எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது மகள் ஓடிப்போய்த் தாத்தா முன்னாலும் குனிந்தாள். அவர் அவளைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கு நீ கண்ணாடியாண்ட நின்னுகினு இருந்த, இல்ல?"

"ஆமாம்பா."

"அந்தாளு பேசினது ஒண்ணும் எங்காதுல வுழல. நீ எப்ப அங்கேர்ந்து போவன்னுதான் நெனச்சிகினு இருந்தேன்."