பெரியப்பா தாண்டிய கால்

பெரியப்பாவின் கால்களில் ஒரு கோளாறும் இல்லை, அவற்றுக்கு உத்தரவு போட மூளைதான் திணறுகிறது என்று ஆர்.எஸ்.புரத்து டாக்டர் சொன்னார். எங்கள் குடும்பத்தில் அதை முழுதாகப் புரிந்துகொண்டவள் நான்தான் என்று நம்பினேன். எனக்குப் பத்து வயது.

"பழகுன நடையத் தானா ஓட்டற எடம் மூளைக்குள்ள மந்தமாயிருச்சுங்க. கண்ணுக்கு முன்னால ஒரு கோடு தெரிஞ்சா வேற பாதையில உத்தரவு வந்துரும்" என்ற டாக்டர், தரையில் சாக்பீஸால் கோடு கிழித்தார். அறை வாசலில் ஆணி அடித்தாற்போல் நின்றிருந்த பெரியப்பா, கோட்டைத் தாண்டி விறுவிறுவென்று நடந்தார்.

அன்றிலிருந்து வைத்தியம் என் பொறுப்பு. காங்கேயத்தில் எங்கள் தேங்காய்ப் பருப்பு காயும் களம் முழுக்கக் கோடு போட்டு, காலையும் மாலையும் அவரை நடக்கவைத்தேன். கண்டிப்பில் எங்கள் டீச்சரையே மிஞ்சினேன். அவருடைய ஒரே மகளான அக்காவுக்குக் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. தாரை வார்க்க மணமேடைக்குத் தானே நடந்து போக வேண்டும் என்பது அவர் ஆசை. சித்தப்பாவை வைத்து முடித்துக்கொள்ளலாம் என்று வீட்டில் முணுமுணுத்தார்கள்.

கல்யாணத்தன்று மண்டபத்தில் மேடைவரை கோடு போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் அதன்மேல் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். பாதி வழியில் பெரியப்பா நின்றுவிட்டார். சம்பந்தி வீட்டார் பார்த்தார்கள். சித்தப்பா துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். நான் ஓடிப்போய்ப் பெரியப்பாவின் பாதத்துக்கு முன்னால் என் காலைக் குறுக்கே நீட்டினேன்.

"தாண்டுங்க பெரீப்பா."

தாண்டினார். மறுபடி நீட்டினேன், மறுபடி தாண்டினார். அப்படியே மேடைக்குப் போய்ச் சேர்ந்தோம். அவரைத் தடுக்கிவிடப் பார்த்தேன் என்று நினைத்து அத்தை என் தொடையில் கிள்ளினாள்.

"கல்யாணத்துல என்ன கண்ணு வெளையாட்டு?"

எனக்கு வலிக்கவே இல்லை. அவ்வளவு பெருமை.

மாலையில் அக்காவைப் புகுந்த வீட்டுக்கு, வெள்ளகோவிலுக்கு அனுப்பிவைத்தோம். கார் கிளம்பிப் போன பிறகும் பெரியப்பா தெருவில் அப்படியே நின்றார். எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். நான் உற்சாகமாகக் காலை நீட்டினேன். குனிந்து பார்த்தார், என் தலையில் கை வைத்தார், நகரவில்லை. டாக்டர் சொல்லாத காரணத்துக்காகவும் மனிதர்கள் நின்றுவிடுவார்கள் என்று தெரியாமல், நான் காலை மாற்றி நீட்டினேன்.